டர்போ காருக்கு புது சைலன்சர்: சத்தத்துக்கு லட்சம்! கன்வெர்ட்டரை வெட்டினால் கேஸ்!

இரவு மணி 11. தெருவே தூங்குகிறது.

"உர்ர்ர்... டப்! டப்! டமார்!"

தொட்டிலில் கிடந்த குழந்தை வீறிட்டு அழுகிறது. நாய்கள் குரைக்கின்றன. மாடியில் இருந்து ஒரு தாத்தா எட்டிப் பார்க்கிறார். "எவன்டா அவன், தீபாவளிக்கு முன்னாலேயே வெடி வைக்கிறவன்?" என்று திட்டுகிறார்.

வெடி அல்ல. கார்! டர்போ வைத்த ஸ்போர்ட்ஸ் கார். கம்பெனி கொடுத்த சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு, அகலக் குழாய் மாட்டிய கார்.

சென்னையில் இந்த ஆசை பல இளைஞர்களைப் பிடித்து ஆட்டுகிறது. லட்சம், லட்சமாகச் செலவு செய்கிறார்கள். இதனால் வேகம் கூடுமா? சட்டம் சும்மா விடுமா? இதுபற்றிய விவரம் வருமாறு:-

கொல்லன் துருத்தி

முதலில் டர்போ என்றால் என்ன?

கொல்லன் பட்டறையைப் பார்த்திருப்பீர்கள். துருத்தியை அமுக்கினால் காற்று பாய்கிறது. நெருப்பு கொழுந்துவிட்டு எரிகிறது. கார் என்ஜினுக்கு டர்போதான் துருத்தி!

அந்தத் துருத்தியை அமுக்குவது யார்? என்ஜின் கக்கும் புகையே! வீணாகப் போகும் புகை ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றுகிறது. அதே அச்சில் மறுபக்கம் இன்னொரு காற்றாடி. அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, என்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும். வண்டி பறக்கும்.

இந்தக் காற்றாடி நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும்! அதில் வந்து மோதும் புகையின் சூடு 800, 900 டிகிரி வரை போகும்.

இந்த யோசனைக்கு 1905-லேயே காப்புரிமை வாங்கியவர் ஆல்பிரட் பூச்சி என்ற சுவிட்சர்லாந்து என்ஜினீயர். சாதாரண ஜனங்கள் ஓட்டும் காருக்கு அது வந்து சேர்ந்தது 1962-ல், அமெரிக்காவில். இன்று நம் ஊரில் சின்னக் காரிலும் டர்போ இருக்கிறது.

புதுப்பேட்டை சந்தில்

புதுப்பேட்டையில் ஒரு சந்து. அங்கே ஒரு பட்டறை. முதலாளியே மெக்கானிக். தலை நரைத்துவிட்டது. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்த காலத்தில், பையனாகப் போய் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவர்.

நாம் போனபோது ஓர் இளைஞர் தன் காரோடு நின்று கொண்டிருந்தார். 2017-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 2 லிட்டர் டர்போ என்ஜின். 230 குதிரை சக்தி! செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார்.

"அண்ணே, முன்னாலே இருந்து பின்னால வரைக்கும் மொத்தப் பைப்பையும் மாத்திடுங்க. சவுண்டு சும்மா அதிரணும்!" என்றார் இளைஞர்.

"சவுண்டு வேணுமா, பவர் வேணுமா தம்பி?" என்று கேட்டார் மெக்கானிக்.

"ரெண்டும்தான்."

மெக்கானிக் சிரித்தார். பிறகு அவர் கூறியதாவது:-

"புகை வெளியே போற வழி குறுகலா இருந்தா, டர்போ காத்தாடிக்குப் பின்னால புகை தேங்கும். காத்தாடி சோம்பேறியா சுத்தும். வழியை அகலமாக்கினா சீக்கிரம் சுத்த ஆரம்பிக்கும். பிக்கப் கூடும். அது நிஜம்தான். ரெண்டரை அங்குல பைப்பை 3 அங்குலமா மாத்தினா, உள் வழி 44 சதவீதம் பெரிசாகுது.

ஆனா எந்த இடத்தில மாத்துறோம்கிறதுதான் விஷயம். பின்னால தொங்குற டப்பாவை மட்டும் மாத்தினா பவர் பெரிசா வராது. சத்தம்தான் வரும். வண்டி கொஞ்சம் எடை குறையும். டர்போவை ஒட்டின மாதிரி இருக்கே, டவுன் பைப், அங்கேதான் நெருக்கடி. அதை மாத்தினாத்தான் பவர். ஆனா உன் வண்டியில கன்வெர்ட்டர் இருக்கிறதும் அதே இடம்தான்!"

மூளைப் பெட்டி

இன்னொரு ஆபத்தையும் அவர் சொன்னார்.

"குழாயைத் திறந்து விட்டா டர்போ அளவுக்கு மேல காத்தை ஏத்தும். ஈ.சி.எம். பெட்டிதான் வண்டிக்கு மூளை. எவ்வளவு பெட்ரோல் விடணும்னு அதுதான் கணக்குப் போடுது. அந்தக் கணக்கைத் திருத்தாம பைப்பை மட்டும் மாத்தினா சூடு ஏறும். என்ஜின் தட்ட ஆரம்பிக்கும். முத்திப்போனா பிஸ்டன் ஓட்டை! அப்புறம் என்ஜினைப் பிரிக்கணும். சைலன்சர் செலவு கொசுறுன்னு ஆயிடும்."

சரி, அந்த "டப் டப்" வெடிச் சத்தம்? ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுக்கும்போது, எரியாத பெட்ரோல் சூடான குழாய்க்குள் போய் வெடிக்கிறது. கம்ப்யூட்டர் கணக்கை மாற்றி வேண்டுமென்றே இப்படி வெடிக்க வைப்பவர்களும் உண்டு. காசு கொடுத்து பெட்ரோலைக் குழாயில் கொளுத்துகிறார்கள்!

கன்வெர்ட்டர் என்ன செய்கிறது?

புகைக்குழாயில் இருக்கும் இந்த டப்பாவுக்குள் தேன்கூடு போல நுண்ணிய துளைகள். அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகங்களின் பூச்சு.

என்ஜின் கக்கும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவிடாமல் தடுக்கிற விஷ வாயு. நைட்ரஜன் ஆக்சைடு நுரையீரலைக் கெடுக்கும். எரியாத பெட்ரோல் ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். இந்த மூன்றின் பெரும்பகுதியையும் நீராவி, நைட்ரஜன், கரியமில வாயு என்று மாற்றி அனுப்புவதுதான் கன்வெர்ட்டரின் வேலை.

1995 ஏப்ரல் முதல் சென்னை உள்பட 4 பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயம் ஆனது. அதற்காகவே ஈயம் கலக்காத பெட்ரோலும் வந்தது. ஈயம் பட்டால் கன்வெர்ட்டர் பாழாகிவிடும்.

இதை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாய் போட்டால் வண்டி பறக்கும். நஷ்டம் ஓட்டுகிறவருக்கு அல்ல. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி.யில் உட்கார்ந்திருப்பார். சிக்னலில் அவருக்குப் பின்னால் ஸ்கூட்டரில் நிற்கிற குமாஸ்தாவுக்கும், பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பள்ளிப் பிள்ளைகளுக்கும், பிளாட்பாரத்தில் பூ விற்கிற அம்மாவுக்கும்தான் நஷ்டம்!

3 மாத ஜெயில்!

சட்டம் என்ன சொல்கிறது?

புதிய பயணிகள் காருக்குத் தயாரிப்பு நிலையில் விதித்துள்ள சத்த வரம்பு 74 டெசிபல். இதற்கு மேல் 10 டெசிபல் கூடினால் சத்தத்தின் சக்தி 10 மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இருக்க வேண்டிய அளவோ வெறும் 45 டெசிபல்தான்.

சத்தம், புகை விதிகளை மீறி வண்டி ஓட்டினால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவுப்படி, முதல் தடவைக்கே 3 மாதம் வரை ஜெயில் அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் விழலாம். 3 மாதத்துக்கு லைசென்சும் பறிபோகும். அனுமதிக்காத மாற்றம் செய்த சொந்தக்காரருக்கு தனியாக 6 மாதம் வரை ஜெயில் அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 182-ஏ பிரிவு சொல்கிறது.

விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி "வண்டியை மாற்றியது ஏன்?" என்று கேள்வி கேட்கும். வாரண்டியும் கைவிட்டுப் போகலாம்.

ஆசையை அடக்க முடியாதவர்கள் என்ன செய்வது? ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டும். கன்வெர்ட்டரைத் தொடக்கூடாது. பின் டப்பாவை மாற்றினாலும் சத்தம் வரம்புக்குள் இருக்க வேண்டும். துருப்பிடிக்காத ஸ்டீல், வளைவில் நசுங்காத குழாய், சுத்தமான ஆர்கான் வெல்டிங் வேண்டும். கடல் காற்று அடிக்கிற ஊரில் மட்டமான இரும்பு சீக்கிரம் உளுத்துவிடும். வெறும் குழாய்தான் வேண்டும் என்றால், அந்த வண்டியை லாரியில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்துக்குக் கொண்டு போக வேண்டியதுதான்.

"தள்ளி நிக்க இடம் ஏது?"

இவ்வளவும் சொல்லியும் இளைஞருக்கு மனம் கேட்கவில்லை. "பரவாயில்லேண்ணே, வெட்டிடுங்க. யாரு குனிஞ்சு பார்க்கப் போறா?" என்றார்.

மெக்கானிக் பதில் பேசவில்லை. பட்டறை வாசலில் ஒரு பந்தயக் கார் நின்றது. கன்வெர்ட்டர் இல்லாத கார். அதை ஸ்டார்ட் செய்தார். "தம்பி, அப்படியே பின்னால போய் நில்லு. சிக்னல்ல நிக்கிற மாதிரி" என்றார்.

இளைஞர் போய் நின்றார். பத்து எண்ணுவதற்குள் மூக்கைப் பொத்தினார். கண்ணில் தண்ணீர். இருமிக்கொண்டே சந்தின் ஓரத்துக்கு ஓடினார்.

மெக்கானிக் என்ஜினை நிறுத்தினார்.

"நீ தள்ளிப் போயிட்டே. சிக்னல்ல உன் வண்டிக்குப் பின்னால நிக்கிறவனுக்குத் தள்ளி நிக்க இடம் ஏது தம்பி?"

இளைஞர் கண்ணைத் துடைத்துக் கொண்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சரிண்ணே. கன்வெர்ட்டர் அப்படியே இருக்கட்டும். பின் டப்பாவை மட்டும் பாருங்க. அதுவும் ரொம்ப சத்தம் வேண்டாம். எங்க வீட்டிலேயும் பாட்டி இருக்காங்க!"