சேற்றை இறுக்கும் மின்சாரம்!

1893-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி. நள்ளிரவு கழிந்த நேரம். நார்வே நாட்டில் வெர்டால் என்ற பள்ளத்தாக்கில் மக்கள் அயர்ந்து தூங்கிக்கொண்டு இருந்தார்கள். திடீர் என்று நிலம் கூழாகி ஓடியது! வீடுகளை அடித்துக்கொண்டு போனது. 116 பேர் மாண்டார்கள்.

அது ஒரு பொல்லாத களிமண். தொடாத வரை கெட்டி. கலக்கிவிட்டால் குழம்பு! நார்வேயில் பல இடங்களில் இந்த மண் உண்டு. அதில்தான் வீடு கட்ட வேண்டும். அஸ்திவாரம் தோண்ட வேண்டும்.

மண்ணில் உள்ள தண்ணீரை எடுத்துவிட்டால் மண் இறுகும். ஆனால், களிமண் லேசில் தண்ணீரை விடாது. 'பம்ப்' வைத்து இறைத்தாலும் வராது. மேலே பாரம் ஏற்றினால் கசியும். அதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மின்சாரம் பாய்ச்சினால் வரும்!

இதைக் கண்டுபிடித்தவர் ராய்ஸ் என்ற பேராசிரியர். மாஸ்கோவில் வேலை பார்த்தவர். ஈரக் களிமண்ணில் இரண்டு கண்ணாடிக் குழாய்களைச் செருகித் தண்ணீர் ஊற்றினார். மின்சாரம் செலுத்தினார். 'நெகட்டிவ்' பக்கத்துக் குழாயில் தண்ணீர் ஏறியது! 1809-ல் இதை வெளியிட்டார்.

களிமண் தண்ணீரில் உப்புத் துகள்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை 'நெகட்டிவ்' கம்பியை நோக்கி ஓடும். ஓடும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அங்கே குழாய் வைத்து இறைத்துவிடலாம். 1930-களின் கடைசியில் ஜெர்மனியில் ரெயில் பாதைக்காக வெட்டிய பள்ளம் சரியாமல் இருக்க, லியோ காசகிராண்டே என்ற என்ஜினீயர் இந்த முறையைக் கையாண்டார்.

கயிறு இழுக்கும் போட்டி

எத்தனை நாள் மின்சாரம் பாய்ச்சுவது? கம்பிகளை எவ்வளவு தூரத்தில் நடுவது? இதற்குக் கணக்கு போட்டுக் கொடுத்தவர் எஸ்ரிக். ஆண்டு 1968.

மின்சாரம் தண்ணீரை 'நெகட்டிவ்' பக்கம் இழுக்கிறது. தண்ணீரை இழந்த 'பாசிட்டிவ்' பக்கமோ அதைத் திரும்ப உறிஞ்சப் பார்க்கிறது. இரண்டும் சமம் ஆனதும் போட்டி ஓய்ந்துவிடும். அந்த உறிஞ்சும் சக்திதான் மண்ணை இறுக்குகிறது.

2 மீட்டர் இடைவெளியில் நட்ட கம்பிகளுக்கு 40 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 மீட்டர் இடைவெளியில் நட்டால்? 20 நாள் என்பீர்கள். இல்லை, 10 நாள்தான்!

மின்சார அழுத்தத்தை இரட்டித்தால் உறிஞ்சும் சக்தி இரு மடங்கு ஆகும். ஆனால், போட்டி ஓயும் நாள் குறையாது. இதை நம்பச் சற்றுக் கடினம்தான்!

கணக்கில் ஒரு குறை உண்டு. மண் முழுவதும் ஒரே மாதிரி ஈரமாக இருப்பதாக அது எண்ணுகிறது. உண்மையில் 'பாசிட்டிவ்' கம்பியைச் சுற்றி மண் காய்ந்து வெடிக்கிறது. வாயுக் குமிழிகள் உண்டாகின்றன. இரும்புக் கம்பி அரித்துப்போகிறது. மின்சாரம் வீணாகிறது. பின்னால் வந்தவர்கள் இவற்றையும் சேர்த்து, கம்ப்யூட்டரில் கணக்கு போடுகிறார்கள்.

ஓஸ்லோ நகரத்துக்குத் தெற்கே ஓஸ் என்று ஓர் ஊர். அங்கேயும் அதே பொல்லாத களிமண்தான். மின்சாரம் பாய்ச்சி மண்ணை இறுக்கினார்கள். அதற்குப் பிறகே அஸ்திவாரம் தோண்டினார்கள். என்ஜினீயர் பியரும், தன் கூட்டாளிகளுடன் இந்த விவரத்தை 1967-ல் வெளியிட்டார்.