வாங்கும் பிரம்பும்

உடுவிலில் 1824 ஆம் ஆண்டில் ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் தொடங்கிய மகளிர் விடுதிப் பாடசாலை, ஆசியாவில் இவ்வகைப் பாடசாலைகளுள் மிகப் பழையனவற்றுள் ஒன்று. பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று ஊர் கேட்ட காலத்தில், அமெரிக்க மிசனரிமார் குடாநாட்டிலே கல்வியின் வாயிலைத் திறந்தனர். ஆயினும், வாயிலினுள் நுழைந்த பிள்ளைகள் எல்லாரும் ஒருங்கே அமர நூறாண்டு கடந்தும் இயலவில்லை. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் இருத்தப்படவில்லை. நிலத்தில் இருந்தே பாடங் கேட்டனர். குற்றஞ் செய்த பிள்ளையை நிலத்தில் இருத்துவது தண்டனை. இப்பிள்ளைகளுக்கோ பிறப்பே குற்றமாயிற்று.

1924 ஆம் ஆண்டில் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் இளைஞர் காங்கிரசாகி, சமபோசனத்தையும் சம ஆசனத்தையும் வற்புறுத்தியது. 1930 ஆம் ஆண்டளவில், உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்த வேண்டுமென அரசாங்கம் பணித்தது. எதிர்ப்புக் கிளம்பியது, சில பாடசாலைகள் தீக்கிரையாயின. எனினும் வாங்கு பொதுவாயிற்று. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும் அதற்கு அரணாயிற்று.

ஆனால், வாங்கைச் சமமாக்கிய சட்டம் ஆசிரியரின் கண்ணையும் சமமாக்கிவிடுமா?

உடுவிலுக்கு ஆசிரியரை அனுப்பிய அமெரிக்காவே இதற்கு ஒரு விடை தருகின்றது. அங்கு 2015 ஆம் ஆண்டில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆசிரியர்களிடம் ஒரு மாணவனின் குற்றப் பதிவைக் கொடுத்தனர். வகுப்பில் இருமுறை நிகழ்ந்த சிறு குழப்பம். பதிவு ஒன்றே, பெயர் மட்டும் வேறு. சிலருக்கு வெள்ளையர் பெயர், சிலருக்குக் கறுப்பர் பெயர். முதற் பிழையில் பெரும் வேறுபாடு இல்லை. இரண்டாம் பிழையிலோ, கறுப்பர் பெயர் கண்டோர் கடுந் தண்டனையை நாடினர். ஒருவனுக்குப் பிழை பிழையாகவே நின்றது. மற்றவனுக்கு அது சுபாவமாகத் தோன்றியது.

இந்த நோய் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. ஒரே குறும்பு ஒரு பிள்ளையிடம் துடிப்பென்றும், மற்றொரு பிள்ளையிடம் சாதிக்குணமென்றும் பேசப்படுவதுண்டு. 2005 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பிரம்படியை விலக்கியது. பிரம்பில்லாத கையும் தவறாக எடைபோடலாம். சுடுசொல்லும் தழும்பு விடும்.

ஆகவே, தண்டிக்கும் முன் ஆசிரியர் தம்மைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இதே பிழையைத் தம் சொந்தப் பிள்ளை செய்திருந்தால் என்ன செய்திருப்பார்? பிழையை முதலில் நோக்கி, பெயரையும் ஊரையும் மறந்து தீர்ப்பளிக்கும் வகுப்பிலேயே சம ஆசனம் முழுமை பெறும்.