கொல்லைக் கோழி – 5: கூண்டு கட்டும் முன் இடம் பாருங்கள்

சிறுவிடை, பெருவிடை, அசில் ஆகியவற்றில் எந்த இனம் யாருக்குப் பொருந்தும் என்று சென்ற வாரம் பார்த்தோம். கோழி வளர்க்கும் ஆசை வந்துவிட்டால் அடுத்த சந்தை நாளிலேயே வாங்கி வந்துவிடுகிறோம். எங்கே அடைப்பது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. மாடிப்படிக்கு அடியில், குளியலறைச் சுவரை ஒட்டி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் என்று, வீட்டில் வேறு எதற்கும் ஆகாத மூலை கோழிக்கு ஒதுக்கப்படுகிறது. அந்த மூலையில் ஈரம் காயாது, காற்றும் நுழையாது. முதல் மழைக்காலத்திலேயே கோழிகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப்போடும். பழியெல்லாம் தீவனத்தின் மீதும் இனத்தின் மீதும் விழும்.

கொல்லைக் கோழி பகல் முழுக்க வெளியே மேய்கிறது. ஆனால் பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை, ஏறக்குறைய 12 மணி நேரம், ஒரே இடத்தில் மூச்சுவிட்டு, அங்கேயே எச்சமிடுகிறது. கோழி எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அந்த ஈரம் காயாவிட்டால் அதிலிருந்து அம்மோனியா கிளம்பும். இரவெல்லாம் அதைச் சுவாசிக்கும் கோழிக்குக் கண்ணும் மூச்சுக்குழாயும் புண்ணாகும். சளி நோய்கள் எளிதாகத் தொற்றும். எனவே நல்ல கூண்டுக்கு இரண்டே இலக்கணம்: காலுக்குக் கீழே காய்ந்த தரை, தலைக்கு மேலே ஓடுகிற காற்று. மற்ற எல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் வருகின்றன.

மேடு, நிழல், திசை

பலத்த மழை பெய்யும்போது ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு கொல்லையைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த வழியாக ஓடுகிறது, எந்த இடம் முதலில் வடிகிறது என்று பாருங்கள். முதலில் வடிகிற மேடுதான் கூண்டுக்கு உரிய இடம். அப்படி ஒரு மேடு இல்லாவிட்டால் ஓரடி உயரத்துக்கு மண் கொட்டி, திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் கட்டலாம். கிணறோ அடிகுழாயோ இருந்தால் அதற்கு மேட்டுப் பக்கத்தில் வைக்க வேண்டாம். கூண்டைக் கழுவிவரும் மழைநீர் குடிநீரில் கலந்துவிடும்.

கூண்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக அமைய வேண்டும். காலையும் மாலையும் சாய்வாக விழும் வெயில் அப்போது குறுகிய பக்கச் சுவர்களில் மட்டும் படும். உச்சி வெயிலைக் கூரை பார்த்துக்கொள்ளும். வடக்கிலும் தெற்கிலும் உள்ள நீண்ட பக்கங்களில் தரையிலிருந்து ஓரடிக்குச் சுவரோ பலகையோ இருந்தால் போதும்; அதற்கு மேலே கம்பி வலை. கோடையில் தென்றல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து சாரல் அடிக்கும்போது அந்தப் பக்கம் மட்டும் சாக்குப் படுதாவைத் தொங்கவிடுங்கள். அப்போதும் கூரையை ஒட்டிய அரையடி இடைவெளியைத் திறந்தே வையுங்கள். குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் மூடுவதால்தான் மழைக்காலத்தில் கூண்டுக்குள் காற்று கெடுகிறது.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அலகைத் திறந்து இரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் அக்னி நட்சத்திர நாட்களில் வெறும் தகரக் கூரைக்குக் கீழே அதை அடைப்பது கொடுமை. பனையோலை, தென்னங்கீற்று, நாட்டு ஓடு மூன்றும் நல்லவை. தகரம்தான் கிடைக்கும் என்றால் வெளிப்புறம் சுண்ணாம்பு அடித்து, மேலே கீற்று பரப்புங்கள். கூரை சுவருக்கு வெளியே இரண்டு மூன்று அடி நீண்டிருந்தால் வெயிலும் சாரலும் உள்ளே வராது. பக்கத்தில் முருங்கையோ அகத்தியோ இருந்தால் நிழலுக்கு நிழல், தழைக்குத் தழை. கிளை மட்டும் கூரையைத் தொடக் கூடாது. பூனையும் பாம்பும் இறங்க அதுவே வழி.

அளவும் அமைப்பும்

இரவு அடைவதற்கு மட்டுமான கூண்டில் ஒரு கோழிக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி இடம் வேண்டும். பத்துக் கோழிக்கு 4 அடி அகலம், 5 அடி நீளம் போதும். அடை வைத்துக் குஞ்சு எடுத்தால் எண்ணிக்கை பெருகும் என்பதால் தொடக்கத்திலேயே கொஞ்சம் தாராளமாகக் கட்டுங்கள். ஆள் குனிந்தாவது நுழைந்து கூட்ட முடிகிற உயரம் வேண்டும். கை எட்டாத கூண்டு சுத்தமாகாது.

காட்டுக்கோழியின் வழி வந்தது நம் கோழி. இருட்டினால் உயரத்தில் ஏறி உட்காரத் தேடும். இரண்டு அங்குல அகலமுள்ள சட்டத்தின் விளிம்புகளை இழைத்து மழுக்கி, இரண்டடி உயரத்தில் குறுக்கே பொருத்துங்கள். கோழிக்கு அரையடி முதல் முக்காலடி வீதம் நீளம் கணக்கிடுங்கள். முட்டையிட, நாலைந்து பெட்டைகளுக்கு ஒன்றாக ஓரடி சதுரப் பெட்டியை இருட்டான மூலையில் வையுங்கள். அது உட்காரும் சட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கட்டும். உயரமாக இருந்தால் கோழிகள் பெட்டியிலேயே உறங்கி முட்டையை அசுத்தமாக்கும்.

தீவனத் தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் இரவுக் கூண்டுக்குள் வேண்டாம். இருட்டில் கோழி தின்னாது, குடிக்காது. சிந்துகிற தண்ணீர் தரையை நனைக்கும், சிதறுகிற தானியம் எலியை அழைக்கும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

மரநாய், நாய், பூனை, பெருச்சாளி எல்லாமே இரவில் கூண்டைச் சுற்றும். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலையை நாய் பிய்த்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் விலை கூடுதல்தான்; ஆனாலும் அதையே போடுங்கள். வலையை ஓரடி ஆழம் மண்ணுக்குள் இறக்கிவிட்டால் தோண்டி நுழைய முடியாது. மரக்கால் வைத்த கூண்டாக இருந்தால் ஒவ்வொரு காலையும் எண்ணெய் விட்ட தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். அடைமுட்டையையும் பொரிக்கும் குஞ்சையும் மொய்க்கும் எறும்புகளை அது தடுக்கும்.

தினமும், வாரமும், பருவமும்

தரையில் மூன்று அங்குலத்துக்கு உமியோ கடலைத் தோலோ தேங்காய் நார்க்கழிவோ பரப்புங்கள். காலையில் திறந்துவிட்டதும் கோழி உயரத்துக்குக் குனிந்து ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் காற்றோட்டம் போதவில்லை. கூளத்தை ஒரு கைப்பிடி எடுத்துப் பிசையுங்கள்; உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் சரி. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.

வாரம் இருமுறை கூளத்தைக் கிளறிவிடுங்கள். கட்டி தட்டிய பகுதியை அள்ளிவிட்டுப் புதிது போடுங்கள். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமி எச்சத்தோடு வெளியே வந்ததும் உடனே தொற்றாது. வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்தால் ஓரிரு நாளில் முதிர்ந்து, அடுத்த கோழியின் வயிற்றுக்குப் போகத் தயாராகும். உலர்ந்த கூளத்தில் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். கூண்டுக்கு வெளியே சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழியில் கொட்டிவையுங்கள்; கோழி அதில் புரண்டு பேனை உதறிக்கொள்ளும்.

ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் புரட்டாசியிலும், கூளம் முழுவதையும் வாரி வெளியே எடுங்கள். சுவர் வெடிப்பிலும் சட்ட இடுக்கிலும் உண்ணி ஒளிந்திருக்கும். பகலில் கண்ணுக்குத் தெரியாது. இரவில் வந்து இரத்தம் குடிக்கும். பல மாதம் பட்டினி கிடந்தும் சாகாது. வெடிப்புகளைப் பூசி அடைத்து, சுண்ணாம்பு அடித்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு புதுக் கூளம் பரப்புங்கள். வாரிய கூளத்தைக் குவித்து மக்கவைத்தபின் தென்னைக்கும் கத்தரிக்கும் போடலாம். பச்சையாகப் போட்டால் வேரைச் சுட்டுவிடும். சுற்றிலும் சிரட்டை, டப்பா, டயரில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். அம்மையைக் கோழிக்குக் கோழி கொண்டுபோவது கொசு.

இவ்வளவு செய்தாலும் வெள்ளைக் கழிச்சலைக் கூண்டு தடுக்காது. அதற்குத் தடுப்பூசி மட்டுமே காப்பு. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஆர்.டி.வி.கே. ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். சந்தையில் வாங்கிய கோழியைக் குறைந்தது இரண்டு வாரம் தனியாக அடைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள்.

நம் ஊர்களில் கோழி பெரும்பாலும் பெண்களின் உழைப்பு, அவர்கள் கைக்கு வரும் காசு. பள்ளிக்கூடச் செலவுக்கும் மருத்துவச் செலவுக்கும் முட்டையும் சேவலும் விற்று ஈடுகட்டுகிற வீடுகள் ஏராளம். ஒரு மழையில் பத்துக் கோழி போனால் அந்த வீட்டின் சேமிப்பே போகிறது. எனவே வீட்டு ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள்: சந்தைக்குப் போகும் முன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போங்கள். மேட்டைக் கட்டி, கூண்டை நிறுத்தி, காயவிட்டு, அதற்குப் பிறகு கோழி வாங்குங்கள்.

அடுத்த வாரம்: அடைக்கோழியைத் தேர்ந்தெடுப்பதும், 21 நாள் காத்திருப்பும்.

(தொடரும்)