பின்னம் நீங்கிய எண்கள்

பன்னிரண்டு மாம்பழங்களை ஐவருக்குச் சமமாகப் பகிர்ந்தளித்தால், ஒவ்வொருவருக்கும் இரண்டு கிடைக்கும். இரண்டு பழங்கள் எஞ்சும். பழத்தை அறுக்காமல் பங்கிடுவோன் பின்னத்தை நீக்கி, முழு எண்ணை மட்டுமே கொள்கின்றான். எளிய இச்செயலை ஒழுங்குபடச் செய்து பார்ப்பின், எண்களின் இயல்பு பற்றிய அரிய உண்மையொன்று புலனாகும்.

12 என்னும் எண்ணை 1, 2, 3 என்று தொடங்கி 12 வரையுள்ள எண்களால் முறையே வகுத்து, ஒவ்வோர் ஈவிலும் பின்னத்தை ஒழித்தால் 12, 6, 4, 3, 2, 2, 1, 1, 1, 1, 1, 1 என்னும் வரிசை கிடைக்கும். இவற்றின் கூட்டுத்தொகை 35.

இனி, வேறொரு கணக்கைக் காண்க. ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் வகுத்திகள் எனப்படும். 7-க்கு 1, 7 என இரண்டு வகுத்திகள். 10-க்கு 1, 2, 5, 10 என நான்கு. இவ்வாறு 1 முதல் 12 வரையுள்ள எண்களின் வகுத்திகளை எண்ணினால், 1, 2, 2, 3, 2, 4, 2, 4, 3, 4, 2, 6 என வரும். இவற்றின் கூட்டுத்தொகையும் 35 ஆகும். ஒழுங்கின்றி ஏறியும் இறங்கியும் செல்லும் இவ்வரிசையும், சீராக இறங்கும் முன்னைய வரிசையும் ஒரே தொகையைத் தருவது எங்ஙனம்?

12-க்குள் 5-இன் மடங்குகள் 5, 10 என இரண்டே. அடுத்த மடங்காகிய 15, 12-ஐக் கடந்துவிடும். 12-ஐ 5-ஆல் வகுக்கும்போது ஒழித்த பின்னம், நிறைவுறாத அம்மூன்றாம் மடங்கின் பகுதியே ஆகும். எனவே, பின்னம் நீங்கிய ஈவு, மடங்குகளின் எண்ணிக்கையைத் தவறாமல் காட்டுகின்றது. 10 என்பது 5-இன் மடங்கு எனினும், 5 என்பது 10-இன் வகுத்தி எனினும் பொருள் ஒன்றே. முதல் வரிசை மடங்குகளை எண்ணுகின்றது. இரண்டாவது வகுத்திகளை எண்ணுகின்றது. வரிசையாக நட்ட தென்னைகளைக் கிழக்கு மேற்காக எண்ணினும் தெற்கு வடக்காக எண்ணினும் தொகை மாறாதன்றோ?

இரண்டாம் வரிசையின் இறுதியில் 12, ஆறு வகுத்திகளுடன் ஓங்கி நிற்கின்றது. தம்மினும் சிறிய எவ்வெண்ணுக்கும் இல்லாத அளவு மிகுந்த வகுத்திகளையுடைய இத்தகைய எண்களைக் குறித்தே, கணித மேதை இராமானுசன் 1915-இல் விரிவான ஆய்வுரையொன்றை வெளியிட்டார்.

பேரெண்களுக்கு இத்தொகையை ஒவ்வொன்றாகக் கூட்டிக் காண்பது அரிது. செருமானியக் கணித அறிஞர் திரிக்லே, 1849-இல், இத்தொகையை மதிப்பிடும் வாய்பாடொன்றை நிறுவினார். 100-க்கு அவ்வாய்பாடு தரும் மதிப்பு ஏறத்தாழ 476. உண்மைத் தொகை 482. இவற்றிடையே உள்ள வேறுபாடு, எடுத்துக்கொண்ட எண்ணின் வர்க்க மூலத்தைவிட விரைந்து வளராது என்று அவர் மெய்ப்பித்தார். அவருக்குப் பின் வந்தோர் அவ்வரம்பை மேலும் குறுக்கினர். எனினும், அவ்வேறுபாட்டின் வளர்ச்சிக்கு உரிய மெய்யான எல்லை யாதென இன்றுவரை எவரும் அறுதியிட்டிலர்.

வகுத்தல் கற்ற சிறுவனும் இவ்வரிசையை எழுதிவிடலாம். அதன் முழு இயல்போ பேரறிஞர்க்கும் இன்னும் எட்டவில்லை. அதனை எட்டும் பேறு, இன்று கணிதம் பயிலும் மாணவருள் ஒருவருக்கே வாய்த்தலும் கூடும்.