ரசீது இல்லாத குடித்தனம்

மாதம் பிறந்தால் சம்பளக்காரனுக்குச் சந்தோஷம். குடக்கூலிக்கு இருப்பவனுக்குச் சஞ்சலம். இருவரும் ஒரே ஆசாமியாயிருந்தால், சந்தோஷம் ஐந்தாம் தேதிக்குள் தீர்ந்து போகும். இதை வேடிக்கையாகச் சொல்லிவிடலாம். ஆனால், சம்பளமே வராத மாதத்திலும் குடக்கூலி மட்டும் தவறாமல் வாசலில் வந்து நின்றால், அது வேடிக்கையல்ல.

2020-ஆம் வருஷம் அப்படிப்பட்ட மாதங்கள் வந்தன. கொள்ளை நோய்க்கு அஞ்சி நாடெங்கும் கதவடைத்த காலம் அது. அரியலூர், பெரம்பலூர் ஜில்லாக்களிலிருந்து சென்னைக் கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் பிழைக்கப் போயிருந்தவர்கள் அநேகர். மே மாதம் 5-ந் தேதி அந்த மார்க்கெட் மூடப்பட்டது. பிழைப்புப் போயிற்று, கூடவே நோயும் தொற்றியிருந்தது. ஊர் திரும்பியவர்களை ஊரார் வரவேற்ற விதத்தைப் பற்றி இங்கே சொல்லாமல் விடுவதே நலம்.

அவர்களில் ஒருவர் என்னிடம் படித்த பையனின் தகப்பனார், மூட்டை தூக்குகிறவர். நாலு பேராகச் சேர்ந்து ஓர் அறையில் இருந்தார்கள். சில மாதம் கழித்து அவர் திரும்பிப் போனபோது அறையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவருடைய தகரப் பெட்டி மாடிப்படியின் கீழே கிடந்தது.

"வாடகை கொடுத்ததற்கு ரசீது உண்டா?" என்று கேட்டேன்.

"ரசீதா? வீட்டுக்கார அம்மா நல்லவங்க, சார். நோட்டிலே எழுதிக்குவாங்க" என்றார்.

நோட்டு அந்த அம்மாளிடம் இருந்தது. அம்மாளுக்கும் அந்த வாடகையை விட்டால் வேறு ஜீவனம் கிடையாது. யாரைக் குற்றம் சொல்வது?

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 2020 மார்ச் 29-ந் தேதி மத்திய சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. தொழிலாளரிடம் ஒரு மாத காலம் வாடகை கேட்கக் கூடாது. தொழிலாளரையும் மாணவரையும் வீட்டை விட்டு வெளியேற்றினால் நடவடிக்கை உண்டு என்றது. நல்ல உத்தரவுதான். ஆனால் உத்தரவு பணமாகாதே! குடியிருப்பவனுடைய கஷ்டத்தை அது வீட்டுக்காரர் தலையில் ஏற்றி வைத்தது, அவ்வளவுதான். தமிழ்நாட்டு அரிசி அட்டைக்காரருக்கு ரூ. 1000 ரொக்கமாகக் கிடைத்தது. மறு வருஷம் இரண்டு தவணையாக ரூ. 4000. பணம் ரேஷன் கடை வழியே வந்ததால் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அட்டை ஊரிலே, ஆள் பட்டணத்திலே என்றிருந்தவன், பஸ்ஸும் ரயிலும் ஓடாத நாட்களில் என்ன செய்வான்?

அமெரிக்காவில் இதே சமயத்தில் வாடகைக்கென்றே பணம் ஒதுக்கினார்கள். 2020 டிசம்பரில் 2,500 கோடி டாலர். 2021 மார்ச்சில் மேலும் 2,155 கோடி. பணம் இருந்தது, முதலில் பல இடங்களில் அது நகரவில்லை. ஒப்பந்தம் எங்கே, வருமானச் சான்று எங்கே என்று கேட்டால், உதவி அதிகம் வேண்டியவனிடந்தான் அவை இருப்பதில்லை. பிறகு, காகிதம் இல்லாதவன் தானே எழுதிக் கையெழுத்திட்டால் போதுமென்று விதியைத் தளர்த்தினார்கள். வீட்டுக்காரர் ஒத்துழைக்காவிட்டால் குடியிருப்பவரிடமே பணத்தைக் கொடுக்கவும் வழி செய்தார்கள். அதன் பிறகு வேகம் பிறந்தது.

நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே. 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நம் ராஜ்யத்தில் அமலுக்கு வந்தது. குடித்தனத்துக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும் என்பது அதன் விதி. சிமெண்டு ஆலைகளைச் சுற்றியும் கல்லூரிகளைச் சுற்றியும் வாய்ச்சொல்லில் நடக்கும் குடித்தனங்கள் எத்தனை! நாளை வாடகை உதவி நிதி ஒன்று ஏற்பட்டாலும், அது இவர்களைத் தாண்டித்தான் போகும்.

ஆகையால், விண்ணப்பம் ஒரே பக்கத்தில், எளிய தமிழில் இருக்கட்டும். அதை ரேஷன் கடையிலும் பஞ்சாயத்து ஆபீஸிலும் வாங்கிக்கொள்ளட்டும். திங்கட்கிழமை மனுக் கொடுக்கக் கலெக்டர் ஆபீஸுக்கு வருகிற கூலிக்காரன் அன்றையக் கூலியை இழக்கிறான் என்பதை நினைக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் இருவர் சொன்னால் அதையே சாட்சியாகக் கொள்ளட்டும்.

சர்க்கார் செய்கிற வரையில் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நேயர்களில் வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்கள், அடுத்த மாதம் பணம் வாங்கும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் தொகையும் தேதியும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். செலவு ஒன்றுமில்லை. ஆபத்து வந்தால், அந்தக் காகிதந்தான் ஒரு குடும்பத்தின் தகரப் பெட்டியை உள்ளேயே வைத்திருக்கும்.