முதலைக்கும் திமிங்கிலத்துக்கும் நடுவே!

ஆற்றில் எதிர்நீச்சல் போட்டுப் போய் முதலையோடு சிநேகம் பிடிப்பதா? அல்லது கடலுக்கு நீந்திப் போய்த் திமிங்கிலத்தைப் பற்றிக்கொள்வதா?

இப்படிக் கேட்டு ஒரு ராஜா கடிதம் எழுதினார். ஆண்டு 1867. பாரிஸ் நகரில் இருந்த தம் தூதருக்கு அவர் எழுதிய கடிதம் அது. ராஜாவின் பெயர் மோங்குட். அவருடைய நாடு சயாம். இன்று நாம் தாய்லாந்து என்று சொல்லும் நாடுதான்!

முதலை என்றது பிரெஞ்சுக்காரரை. திமிங்கிலம் என்றது பிரிட்டிஷாரை.

சயாமுக்கு மேற்கே பர்மா. அதன் கடற்கரை பிரிட்டிஷார் கையில் இருந்தது. கிழக்கே தெற்கு வியட்நாமைப் பிரான்சு பிடித்துவிட்டது. 1863-ல் கம்போடியாவும் அதன் பிடிக்குள் வந்தது. நடுவில் சயாம், இரண்டு யானைகளுக்கு நடுவே நிற்கும் ஆட்டுக்குட்டி மாதிரி!

நமக்குத் தங்கச் சுரங்கமே கிடைத்தாலும் பயன் இல்லை, போர்க் கப்பல்களை அவர்களிடம்தானே வாங்க வேண்டும் என்றும் ராஜா அதே கடிதத்தில் எழுதினார். நமக்குள்ள ஆயுதம் வாயும் புத்தியும்தான் என்பது அவர் கருத்து.

புத்தபிட்சு ராஜாவானார்

மோங்குட் 27 ஆண்டுகள் புத்தபிட்சுவாக இருந்தவர். மடத்தில் இருந்தபோதே பாதிரிமார்களிடம் இங்கிலீஷும் லத்தீனும் கற்றார். 1851-ல் அரசரானார்.

1855-ல் பிரிட்டிஷார் ஒப்பந்தம் கேட்டு வந்தார்கள். இறக்குமதிச் சாமான்களுக்கு நூற்றுக்கு 3-க்கு மேல் வரி கூடாது. பிரிட்டிஷ் குடிமகன் சயாமில் குற்றம் செய்தால், சயாம் நீதிபதி விசாரிக்கக் கூடாது. அவர்கள் ஆளே விசாரிப்பார்! எவ்வளவு அவமானம்? ஆனாலும் ராஜா கையெழுத்துப் போட்டார். அபினி யுத்தத்தில் சீனா பட்ட பாடு அவருக்குத் தெரியும்.

அதோடு நிற்கவில்லை. மறு ஆண்டே அமெரிக்காவுக்கும் பிரான்சுக்கும் அதே சலுகையைக் கொடுத்தார். ஒருவனை மட்டும் வீட்டுக்குள் விட்டால் அவன் எஜமான் ஆகிவிடுவான். பல பேரை விட்டால் ஒருவனை ஒருவன் பார்த்துக்கொள்வான் அல்லவா?

1868 ஆகஸ்டில் முழுச் சூரிய கிரகணம் வந்தது. அது எங்கே தெரியும் என்று மோங்குட் தாமே கணக்குப் போட்டார். அந்தக் காட்டுப் பகுதிக்குப் பிரெஞ்சு விஞ்ஞானிகளையும் சிங்கப்பூரிலிருந்து பிரிட்டிஷ் கவர்னரையும் விருந்தாளிகளாக அழைத்தார். கிரகணம் தப்பாமல் வந்தது. ஆனால் ராஜாவுக்கு மலேரியா காய்ச்சலும் வந்தது. சில வாரங்களில் இறந்தார்.

பதினைந்து வயது மன்னர்

மகன் சுலலாங்கார்னுக்கு அப்போது வயது 15. அவரும் காய்ச்சலில் கிடந்து பிழைத்தவர். சிங்கப்பூர், ஜாவா, இந்தியா எல்லாம் போய்ப் பார்த்தார். அன்னியர் எப்படி ஆள்கிறார்கள் என்று நேரில் கண்டார்.

1885-ல் பர்மா முழுவதும் பிரிட்டிஷார் வசம் ஆயிற்று. மன்னர் திபாவைக் கப்பலேற்றினார்கள். நம் சென்னையில் சில மாதங்கள் வைத்திருந்து, பிறகு ரத்தினகிரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் நாடு திரும்பவே இல்லை.

சயாம் மன்னர் வேகமாக வேலை செய்தார். மன்னர் முன் மக்கள் தரையில் விழுந்து கிடக்கும் வழக்கத்தை ஒழித்தார். அடிமை முறையைப் படிப்படியாக நிறுத்தினார். 1905-ல் அது அடியோடு போயிற்று. ‘நாகரிகம் இல்லாத நாடு, நாங்கள் ஆண்டு திருத்துகிறோம்’ என்று சொல்ல எவனுக்கும் சாக்கு இருக்கக் கூடாது!

யோசனை சொல்ல யாரை வைத்தார் தெரியுமா? பெல்ஜிய நாட்டு வக்கீல் ஒருவரை! கடற்படைக்கு டென்மார்க்குக்காரர். அந்தச் சிறு நாடுகளுக்குச் சயாமை விழுங்கும் வயிறு கிடையாது.

சிவப்புப் பை

அப்படியும் ஆபத்து வந்தது. 1893 ஜூலை 13. பிரெஞ்சுப் போர்க் கப்பல்கள் இரண்டு ஆற்று முகத்துவாரத்துக்குள் நுழைந்தன. சயாம் கோட்டையில் பிரிட்டனிலிருந்து வாங்கிய புதுப் பீரங்கிகள் இருந்தன. அவை சுட்டன. கப்பல்கள் நிற்கவில்லை. பாங்காக் நகருக்கே வந்து நங்கூரம் போட்டன!

பிரிட்டன் உதவிக்கு வரும் என்று சயாம் நம்பியது. வரவில்லை. பணிந்து போங்கள் என்ற புத்திமதிதான் வந்தது. மேகாங் ஆற்றுக்குக் கிழக்கே உள்ள லாவோஸ் பிரான்சுக்குப் போயிற்று. அபராதமாக 30 லட்சம் பிராங்கும் கட்ட வேண்டும்.

மோங்குட்டுக்கு முன் ஆண்ட அவர் அண்ணன், வியாபாரத்தில் சேர்த்த வெள்ளிக் காசுகளைச் சிவப்புத் துணிப் பைகளில் கட்டி வைத்திருந்தாராம். அந்தப் பைகள்தான் அன்று நாட்டைக் காத்தன என்று தாய்லாந்து மக்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். மன்னரோ துக்கத்தில் படுத்த படுக்கையானார்.

1896-ல் பிரிட்டனும் பிரான்சும் தங்களுக்குள் பேசி முடித்தன. சயாமின் நடுப்பகுதிக்குள் இருவரும் படை அனுப்புவதில்லை என்று ஒப்பந்தம். சாமர்த்தியம் மட்டுமே சயாமைக் காத்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு வேலி தேவைப்பட்டது. அதுவும் உண்மை.

மறு ஆண்டு மன்னர் ஐரோப்பா புறப்பட்டார். ருஷ்யச் சக்ரவர்த்தி அவருடைய பழைய சிநேகிதர். இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோ ஐரோப்பியப் பத்திரிகைகளில் வெளிவந்தது. பிரான்சின் தோழன் பக்கத்திலேயே சயாம் ராஜா!

கொடுத்த விலை

1907-ல் அங்கோர் கோயில் உள்ள மாகாணம் உள்பட மேற்குக் கம்போடியா பிரான்சுக்குப் போயிற்று. 1909-ல் கெடா, கிளந்தான், திரங்கானு, பெர்லிஸ் பிரிட்டனுக்குப் போயின. ராஜேந்திர சோழன் வென்ற கடாரம் என்கிறோமே, அந்தக் கெடாதான்! பதிலுக்கு, சயாம் மண்ணில் அன்னியர் நடத்திய தனிக் கோர்ட்டுகளின் அதிகாரம் குறைந்தது. ரயில் போட 40 லட்சம் பவுன் கடனும் கிடைத்தது.

கை மாறிய ஊர்களில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. லாவோஸ்காரரும் மலாய்க்காரரும் ஒரு நாள் வேறு கொடியின் கீழ் கண் விழித்தார்கள். சயாமோடு தங்கிவிட்ட பத்தானி மலாய்க்காரர்களையும் யாரும் கேட்கவில்லை. அந்தப் பகுதியில் நெடுநாளாகப் பூசல் இருந்து வருகிறது.

சுலலாங்கார்ன் 1910 அக்டோபர் 23-ல் காலமானார். ஆண்டுதோறும் அந்த நாளில் பாங்காக் மக்கள் அவர் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலைக்கு மலர் வைக்கிறார்கள். அந்தச் சிலைக்காக மன்னர் 1907-ல் நேரில் போய் அமர்ந்து கொடுத்தார். வார்த்த ஊர் எது தெரியுமா? பாரிஸ்!