வான்வழி ரம்பம்

வான்வழி ரம்பம் என்பது உலங்கு வானூர்தியின் அடியில் நீண்ட தண்டொன்றில் தொங்கவிடப்பட்டு, உயரழுத்த மின்தடங்களின் ஓரம் வளர்ந்துள்ள மரக்கிளைகளை வெட்டப் பயன்படும் கருவி ஆகும். 1980களில் ஐக்கிய அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்த இம்முறை, பின்னர் கனடாவிலும் பின்லாந்து, சுவீடன் முதலிய நாடுகளிலும் பரவியது. மலைச்சரிவு, சதுப்பு நிலம், சாலை இல்லாத காடு என வண்டிகள் எளிதில் செல்ல இயலாத இடங்களிலேயே இது பெரிதும் பயன்படுகிறது.

தேவை

உயரழுத்த மின்கம்பிகளுக்குக் காப்புறை கிடையாது. கம்பியைச் சூழ்ந்துள்ள காற்றே காப்பாக அமைகிறது. எனவே கிளை கம்பியைத் தொட வேண்டும் என்பதில்லை. போதிய அளவு நெருங்கினாலே இடைவெளிக் காற்றின் வழியே மின்பொறி பாய்ந்து, மின்சாரம் மரத்தின் ஊடாக நிலத்தை அடையும். அந்நிலையில் பாதுகாப்புக் கருவிகள் தடத்தைத் தாமாகவே துண்டித்துவிடும்.

கம்பி ஒரே இடத்தில் நிற்பதுமில்லை. மின்னோட்டம் மிகும்போது அது சூடாகி நீள்கிறது. நீள்வதால் கோபுரங்களுக்கு இடையே தாழ்ந்து தொங்குகிறது. வெப்பம் மிகுந்த, காற்றில்லாத கோடைப் பிற்பகலில் இத்தாழ்வு கூடுதலாக இருக்கும். பலத்த காற்று வீசும்போது கம்பி பக்கவாட்டில் ஊசலாடும். ஆகவே மரங்களுக்கும் கம்பிக்கும் இடையே விடவேண்டிய இடைவெளியை, கம்பி அசையாது குளிர்ந்திருக்கும் வேளையில் பார்த்து முடிவு செய்ய இயலாது.

இதனைப் புறக்கணித்தால் நேரக்கூடியது ஆகஸ்ட் 14, 2003 அன்று வட அமெரிக்காவில் வெளிப்பட்டது. ஒகையோ மாநிலத்தின் வடகிழக்கில் 345 கிலோவோல்ட் மின்தடங்கள் மூன்று, பிற்பகல் 3:05 மணிக்கும் 3:41 மணிக்கும் இடையில் ஒன்றன்பின் ஒன்றாக மரங்களைத் தொட்டுத் துண்டிக்கப்பட்டன. அவை ஏறத்தாழ 44, 88, 93 விழுக்காடு சுமையையே தாங்கிக்கொண்டிருந்தன என அமெரிக்க-கனடியக் கூட்டு விசாரணைக் குழு கண்டறிந்தது. அதாவது மூன்றில் எதுவும் தன் ஏற்புத்திறனைத் தாண்டவில்லை. தடத்துக்குள் மரங்கள் அளவுக்கு மீறி வளர்ந்திருந்தன. கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருள் 2:14 மணிக்கே செயலிழந்திருந்ததால், பணியாளர்கள் நிலைமையை உணரவில்லை. துண்டிக்கப்பட்ட தடங்களின் சுமை மற்ற தடங்களின் மீது ஏறி, மாலை 4:05 மணிக்குப் பிறகு சில நிமிடங்களில் மின்வலை சரிந்தது. ஏறக்குறைய 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று அதிகாலையில் சுவிட்சர்லாந்தின் 380 கிலோவோல்ட் தடமொன்றில் மரத்துக்கு மின்பொறி பாய்ந்ததில் தொடங்கிய தொடர் நிகழ்வு, சார்தீனியாத் தீவு நீங்கலாக இத்தாலி முழுவதையும் இருளில் ஆழ்த்தியது.

அதுவரை அமெரிக்காவில் மின்வலை நம்பகத்தன்மை விதிகள் நிறுவனங்கள் தாமே விரும்பிப் பின்பற்றுபவையாக இருந்தன. 2005 ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டம் அவற்றைக் கட்டாயமாக்க வழிசெய்தது. 200 கிலோவோல்ட்டும் அதற்கு மேலுமான தடங்களில் மரஞ்செடிகளை மேலாண்மை செய்யும் விதி, சூன் 2007 முதல் தண்டத்தொகையுடன் நடைமுறைக்கு வந்தது. பல நூறு கிலோமீட்டர் தடங்களைத் தவறாது பேண வேண்டிய நிலையில், விரைவாக வேலை முடிக்கும் முறைகள் கூடுதல் மதிப்புப் பெற்றன.

அமைப்பு

வான்வழி ரம்பத்தில், வரிசையாக ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தப்பட்ட வட்ட ரம்பங்கள் உள்ளன. பரவலான வடிவமைப்பில் ஏறத்தாழ 60 செ.மீ. விட்டமுள்ள பத்து ரம்பங்கள் இருக்கும். இவற்றைச் சுழற்றுவது வானூர்தியின் பொறி அன்று. ரம்பத் தொகுதியின் மேலேயே அமைந்த தனிப் பொறி ஆகும். ரம்பத் தொகுதியையும் அதனைத் தாங்கும் அலுமினியத் தண்டையும் சேர்த்தால் மொத்த நீளம் 25 முதல் 30 மீட்டர் வரை வரும். இந்நீளம் இரு வகையில் தேவைப்படுகிறது: வானூர்தியின் சுழல் இறகுகள் மரங்களுக்கும் கம்பிகளுக்கும் மேலே பாதுகாப்பாக இருக்க வேண்டும், இறகுகள் கீழ்நோக்கித் தள்ளும் காற்று கிளைகளை அலைக்கழிக்கவும் கூடாது. கயிற்றுக்குப் பதிலாகத் தண்டைப் பயன்படுத்துவதால் ரம்பம் தன்போக்கில் திரும்பிவிடுவதில்லை.

எம்டி 500 வகை போன்ற சிறிய, ஒற்றைப் பொறி உலங்கு வானூர்திகளே இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன. தண்டு கொக்கியில் மாட்டப்பட்டிருக்கும். ரம்பம் கிளையில் சிக்கிக்கொண்டாலோ பொறி பழுதடைந்தாலோ விமானி அதனை நொடியில் கழற்றிவிடலாம்.

செயல்முறை

விமானி முன்பக்கக் கண்ணாடி வழியே பார்த்து இவ்வேலையைச் செய்ய இயலாது. கதவுப் பக்கம் சாய்ந்து நேர்கீழே ரம்பத்தைப் பார்த்தபடியே வானூர்தியைச் செலுத்த வேண்டும். மின்தடத்துக்கு இணையாக மெல்ல நகர்ந்து, ரம்பத்தை மரத்தின் பக்கவாட்டில் மேலும் கீழுமாகச் செலுத்தும்போது கிளைகள் நேராக அறுபட்டு விழுகின்றன. வேலை முடிந்த தடத்தின் இருமருங்கும் சுவர் எழுப்பியது போல் தோன்றும்.

தரைக்குழு ஒன்று உடன் இயங்கும். சாலைகளில் போக்குவரத்தை நிறுத்துவது, விழுந்த கிளைகளை அகற்றுவது, எரிபொருள் நிரப்புவது ஆகியவை அதன் பணிகள். பின்லாந்தில் இம்முறைக்குத் தனித் தேவை உண்டு. அங்குக் குளிர்காலத்தில் பனி படிந்த மரங்கள் வளைந்து கம்பிகளின் மேல் சாய்வதால், தடத்தின் ஓர மரங்கள் முன்கூட்டியே இவ்வாறு வெட்டப்படுகின்றன.

குறைபாடுகள்

வான்வழி ரம்பம் பக்கக் கிளைகளை மட்டுமே வெட்டும். கம்பிக்கு நேர்கீழே வளரும் மரங்களைத் தரைக்குழுக்களே அகற்ற வேண்டும். தடத்துக்கு வெளியே நிற்கும் உயர்ந்த மரம் வேரோடு சாய்ந்தாலும் இதனால் தடுக்க இயலாது. கலிபோர்னியாவில் 2021 இல் 9.6 இலட்சம் ஏக்கருக்கு மேல் எரித்த டிக்சி காட்டுத்தீ, மரமொன்று பகிர்மானக் கம்பியின் மீது சாய்ந்ததால் உண்டானதாகும்.

மரத்தின் நலமும் கருதத்தக்கது. கிளை தண்டோடு சேருமிடத்தில் உள்ள புடைப்பான வளையத்துக்குச் சற்று வெளியே வெட்டினால், மரம் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும் என்பதை அமெரிக்க மர ஆய்வாளர் அலெக்சு சைகோ விளக்கினார். வானிலிருந்து வெட்டும்போது அவ்விடத்தைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. நீண்ட கட்டைகள் எஞ்சுகின்றன. அவற்றின் வழியே அழுகல் நுழையலாம். மனித நடமாட்டமற்ற காட்டில் இது பெரிதாகக் கொள்ளப்படுவதில்லை. வீட்டு நிழல்மரம் என்றால் உரிமையாளர் ஏற்பது கடினமே.

இடர்கள்

மரமேறி வெட்டுவோர் கீழே விழும் இடரையும் மின்தாக்கு இடரையும் எதிர்கொள்கின்றனர். வான்வழி ரம்பம் இவ்விடரைக் குறைக்கிறது. ஆனால் முற்றிலும் நீக்காமல் ஒரு விமானியின் மீது ஏற்றுகிறது எனலாம். பொறி நின்றால், இறகுகளின் தற்சுழற்சியைக் கொண்டு தரையிறங்க உலங்கு வானூர்திக்கு உயரமோ முன்னோக்கிய வேகமோ வேண்டும். மரத்தருகே மெல்ல நகரும்போது இரண்டுமே போதுமான அளவில் இருப்பதில்லை. இப்பணியில் உயிரிழப்புடன் கூடிய விபத்துகள் நேர்ந்துள்ளன. அமெரிக்காவில் இது வெளிச்சுமை தூக்கும் பறப்புகளுக்கான தனி விதிகளுக்கு உட்பட்டது. மக்கள் நெருக்கமுள்ள பகுதிகளில் கட்டுப்பாடுகள் கடுமையானவை.

திரைப்படத்தில்

1999 இல் வெளியான சேம்சு பாண்டு திரைப்படமான தி வேர்ல்ட் இஸ் நாட் இனஃப், இக்கருவியை ஆயுதமாகக் காட்டியது. அதில் ரம்பம் தொங்கும் உலங்கு வானூர்திகள் மரக் கட்டடங்களையும் ஒரு மகிழுந்தையும் இரண்டாகப் பிளக்கின்றன. உண்மையான ரம்பம் கிளைகளை வெட்டுவதற்கென்றே அமைந்தது.